டெய்லருக்கு எந்த டார்ட்டன்? ஸ்காட்லாந்து வேர்களைத் தேடுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில், ராயல் மைல் தெருவில் நினைவுப்பொருள் கடைகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளே போய்க் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், "உங்கள் கிளான் (குலம்) இதுதான்" என்று ஒரு பட்டியலில் விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள். டெய்லர் என்றால் கேமரன். மில்லர் என்றால் மெக்ஃபார்லன். பிரவுன் என்றால் லமாண்ட். அப்புறம் அந்தக் கிளானுக்கு உரியதென்று சொல்லும் டார்ட்டன் என்ற கட்டத்துணியில் ஒரு மஃப்ளர், சின்னம் பொறித்த சாவிக்கொத்து, சுவரில் மாட்ட ஒரு 'குடும்ப வரலாறு'. பத்து நிமிடத்தில் பூர்வீகம் பையோடு கைக்கு வந்துவிடும்.

இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரை இந்தக் கடைக்குள் அனுப்பிப் பார்ப்போம். 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். அவருக்கும் கேமரன் மஃப்ளர்தான் கிடைத்திருக்கும். ஆனால் 1835இல் அவர் பிறந்த ஆகின்பிளே வட்டாரம் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையை ஒட்டிய கின்கார்டின்ஷயர் என்ற பழைய கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கிறது. கேமரன்களின் லொக்காபர் பகுதியோ நாட்டின் மறுபக்கம், மேற்கு மலைகளுக்குள். அப்பாவுக்கு வண்டிச்சக்கரம் செய்யும் தொழில். பெயர் காட்டும் பூர்வீகம் ஒரு திசையில், ஊர் காட்டும் பூர்வீகம் நேர் எதிர்த் திசையில்.

ஸ்காட்லாந்து வம்சாவளி என்றதும் பெரும்பாலும் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் தேடத் தொடங்குகிறார்கள். பிடிக்க வேண்டியது ஊரை.

கிளான்: பாளையம் போல ஓர் அமைப்பு

முதலில் நிலவரைபடம். வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைநாடு ஹைலேண்ட்ஸ். அங்கே கேலிக் மொழி பேசினார்கள். தெற்கிலும் கிழக்கிலும் உள்ள தாழ்நிலம் லோலேண்ட்ஸ். அங்கே பேசியது ஸ்காட்ஸ், ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பான மொழி. கிளான் என்ற அமைப்பு முக்கியமாக மலைநாட்டுக்கு உரியது. இங்கிலாந்து எல்லையோரத்திலும் அதே போன்ற குடும்பக் கூட்டங்கள் இருந்தன. தாழ்நிலத்துக் கைவினைஞருக்கும் விவசாயிக்கும் கிளானோடு பெரும்பாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேலிக்கில் 'கிளான்' என்றால் பிள்ளைகள். அதனால் ஒரு கிளானில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே தாத்தாவின் வழிவந்தவர்கள் என்று நினைப்பது இயல்பு. நம்மூர்ப் பாளையத்தை நினைத்துப் பாருங்கள். பாளையக்காரரின் சொந்தபந்தம் ஒரு சிறு வட்டம்; அவர் நிலத்தில் உழுதவர்கள், அவர் கூப்பிட்டால் ஈட்டி எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் பெரிய வட்டம். பாளையத்தில் இருந்த அத்தனை பேரும் பாளையக்காரருக்கு ரத்த உறவா என்ன? கிளானும் அப்படித்தான். தலைவர், அவருடைய உறவினர், அவர் பாதுகாப்பில் இருந்த குத்தகைக்காரர்கள், அண்டி வந்த சிறு குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு கிளான். குத்தகைக்கு வந்தவர் தலைவரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொள்வதும் சாதாரணமாக நடந்தது.

அண்டியிருந்த குடும்பங்களின் பெயர்களுக்குச் 'செப்ட்' என்று பெயர். கடைப் பட்டியல்கள் இந்தச் செப்ட் பட்டியல்கள்தான். அவை முழுப் பொய்யும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் 'கறுப்புத் தையற்காரர்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு கேமரன் வீரர் இருந்ததாகச் சொல்வார்கள். அவர் வழிவந்தவர்கள் டெய்லர் ஆனார்களாம். சரி, அவர்கள் கேமரன்களாகவே இருக்கட்டும். மற்ற ஊர்த் தையற்காரர்களின் பேரப்பிள்ளைகளையும் அதே கணக்கில் சேர்த்ததுதான் கோளாறு.

இனிஷியல் தெரிந்தவர்களுக்குப் புரியும் விஷயம்

கு. முருகனின் மகன் மு. செல்வம்; செல்வத்தின் மகன் செ. அருண். மூன்று தலைமுறைக்கும் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது. மலைநாட்டிலும் நெடுங்காலம் இதே முறைதான். 'மாக்' என்றால் மகன். டோனல்டின் மகன் மாக்-டோனல்ட். அவருக்குப் பிறந்த பையன் தன் தகப்பன் பெயரை முன்னிட்டு வேறொரு 'மாக்' ஆகலாம். ஷெட்லாந்துத் தீவுகளில் தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. நிலையான குடும்பப் பெயர் என்பது தாழ்நிலத்தில் முன்பே வந்துவிட்டது, மலைநாட்டுக்குத் தாமதமாக வந்தது.

வந்த பெயர்களும் ஒரே வகையானவை இல்லை. ஸ்மித், டெய்லர், தச்சரின் மகன் என்று பொருள்படும் மெக்இன்டயர் ஆகியவை தொழிலால் வந்தவை. மரே, சதர்லண்ட் ஊரால் வந்தவை. கேம்பல் என்றால் கோணல் வாய், கேமரன் என்றால் கோணல் மூக்கு. யாரோ ஒருவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் அவர் வம்சத்துக்கே நின்றுவிட்டது. மெக்கிரெகர் கதை தனி. 1603இல் அந்தப் பெயரையே அரசு தடைசெய்தது. இடையில் சில காலம் தளர்த்தி, மறுபடி தடைசெய்து, முழுதாக நீக்கியது 1774இல். நடுவில் அவர்கள் கேம்பல், டிரம்மண்ட், மரே, கிராண்ட் என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்துகொண்டார்கள். பிறகு பழைய பெயருக்குத் திரும்பியவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு.

ஆக, ஒரே பெயர் என்பதால் ஒரே குடும்பம் என்று சொல்ல முடியாது. பெயர் வேறு என்பதால் வேறு குடும்பம் என்றும் சொல்ல முடியாது.

கட்டம் போட்ட துணி எப்போது 'குலத்துணி' ஆனது

நெடுக்கு நூலிலும் குறுக்கு நூலிலும் ஒரே நிற வரிசையை ஓட்டி நெய்த கட்டத்துணிதான் டார்ட்டன். அந்த நிற வரிசைக்குச் 'செட்' என்று பெயர். ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை இழை என்பதை எழுதிவைத்தால், அதைப் பார்த்து எந்த நெசவாளரும் அதே துணியை மறுபடி நெய்துவிடலாம்.

துணி பழையதுதான். ஒவ்வொரு கிளானுக்கும் ஒரு கட்டம் என்ற ஏற்பாடுதான் புதிது. 1746இல் கலோடன் போரில் அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச மரபுக்காகப் போராடிய, மலைநாட்டவர் நிறைந்த படை தோற்றது. அதே ஆண்டு வந்த சட்டம் மலைநாட்டு உடையை ஆண்கள் அணிவதற்குத் தடை போட்டது. அரசுப் படையில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கியபோது, முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம் அறுந்துபோயிருந்தது. 1815இல் லண்டனிலிருந்த ஹைலேண்ட் சங்கம் ஒவ்வொரு கிளான் தலைவரிடமும் "உங்கள் டார்ட்டன் மாதிரியை அனுப்புங்கள்" என்று கேட்டது. தங்கள் டார்ட்டன் எது என்று தலைவர்களில் சிலருக்கே தெரியவில்லை! 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பைத் திட்டமிட்டவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். எல்லாரும் டார்ட்டனில் வந்து நிற்க வேண்டும் என்று ஆனதும், பானக்பர்னில் இருந்த வில்சன் நெசவாலைக்கு ஆர்டர் குவிந்தது. அந்த ஆலை தன் கட்டங்களுக்கு முன்பு எண்களும் ஊர்ப் பெயர்களும் கொடுத்து விற்றுக்கொண்டிருந்தது. கிளான் பெயர் வைத்தால் நன்றாக விலைபோகும் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நம் ஜவுளிக்கடைகளில் சேலைக்குச் சினிமாப் பெயர் வைப்பார்களே, அந்த வியாபார புத்திதான்.

1842இல் 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியிலிருந்து எடுத்தது என்று சொல்லி ஒரு டார்ட்டன் நூல் வெளிவந்தது. அது போலி என்று பின்னால் தெரிந்தது. இருந்தும் அதிலுள்ள பல கட்டங்கள் இன்றும் 'பரம்பரைக் கட்டம்' என்ற பெயரில் விற்பனையில் இருக்கின்றன. இருநூறு ஆண்டு வழக்கமும் வழக்கம்தான் என்பதால் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. பிடித்த டார்ட்டனை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தடுக்கச் சட்டம் இல்லை. 2009 முதல் அரசே ஒரு டார்ட்டன் பதிவேடு நடத்துகிறது. கட்டணம் கட்டினால் புது வடிவத்தைப் பதிந்துகொள்ளலாம். டார்ட்டன் உங்கள் விருப்பத்தைக் காட்டும், அவ்வளவே. அதை வைத்து ஒரு தலைமுறைகூடப் பின்னால் போக முடியாது.

கேடயச் சின்னத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ஸ்காட்லாந்தில் 'குடும்பச் சின்னம்' என்று ஒன்று கிடையாது. சின்னம் தனி ஒருவருக்கு உரியது. அதை வழங்குபவர் லார்ட் லயன் என்ற அதிகாரி. 1672 முதல் பதிவேடும் உண்டு, அடுத்தவர் சின்னத்தைப் பயன்படுத்துவது அங்கே குற்றம். பக்கிள் வைத்த பெல்ட் சுற்றிய வட்டச் சின்னத்தைக் கிளான்காரர்கள் அணியலாம். அது தலைவருடையது, அணிபவர் அந்தத் தலைவரின் ஆள் என்று மட்டுமே அதற்குப் பொருள்.

1855: தேடுபவர்களுக்குப் பொன்னான ஆண்டு

இனி உண்மையான வேலை. உங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆவணம் என்ற கணக்கில் போக வேண்டும். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தால், அப்புறம் நீங்கள் வரைவது யாரோ ஒருவருடைய வம்சம்.

ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அரசிடம் பதிவது கட்டாயம். இங்கிலாந்தை விடப் பதினேழு ஆண்டுகள் தாமதம். ஆனால் தகவலில் பல மடங்கு செழிப்பு. இறப்புப் பதிவு ஒன்றை எடுத்துப் பாருங்கள்: இறந்தவர் பெயர், தொழில், வயது, இறந்த இடம், நேரம், காரணம், அப்பாவின் பெயரும் தொழிலும், அம்மாவின் பெயர், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர், கடைசியாக, தகவல் சொன்னவரின் கையெழுத்தும் உறவும். இங்கிலாந்து இறப்புப் பதிவில் பெற்றோருக்கு இடமே கிடையாது.

இதன் பலன் என்ன தெரியுமா? 1871இல் 82 வயதில் ஒரு மூதாட்டி இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1789 வாக்கில். அந்த ஒற்றைத் தாள் அவருடைய அப்பா அம்மா பெயரைச் சொல்லி உங்களை 18ஆம் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பிறப்புப் பதிவுக்கு முன்பே இறப்புப் பதிவைத் தேடுவார்கள்.

ஸ்காட்லாந்துப் பெண்கள் சட்ட ஆவணங்களில் பிறந்தவீட்டுப் பெயரை விட்டுக்கொடுத்ததில்லை. ஜேம்ஸ் டெய்லரின் அம்மா மோயர் வீட்டுப் பெண். இப்படிப்பட்ட ஒருவர் பெயரைப் பதிவேட்டில் 'மார்கரெட் மோயர் அல்லது டெய்லர்' என்ற பாணியில் எழுதுவார்கள். கல்லறைக் கல்லிலும் பெரும்பாலும் பிறந்தவீட்டுப் பெயர்தான். இது தேடுபவருக்குப் பெரிய வரம். பெண் வழியில் போகும்போது பாதை மறைவதில்லை.

முதல் ஆண்டான 1855இன் பதிவுகள் இன்னும் விரிவானவை. பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், அவர்கள் மணமுடித்த நாள், இடம், குழந்தைக்கு மூத்தவர்கள் என எல்லாம் கேட்டார்கள். பதிவாளர்களுக்கு மூச்சு முட்டிப்போய், அடுத்த ஆண்டே பல கேள்விகளைக் குறைத்தார்கள். 1861இலிருந்து பெற்றோர் மணமான நாளும் இடமும் மட்டும் திரும்பி வந்தன.

எங்கே பார்ப்பது? ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் 'ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள்' தளத்தில். பதிவின் படத்தைப் பார்க்கக் கிரெடிட் வாங்க வேண்டும். பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு கழித்தே படம் இணையத்தில் திறக்கும். அதற்குப் பிந்தையவற்றுக்குச் சான்று நகல் கேட்டு வாங்கலாம். படத்தின் ஓரத்தில் திருத்தப் பதிவேட்டுக்கு ஒரு குறிப்பு இருந்தால் விட்டுவிடாதீர்கள். நீதிமன்றம் உறுதிசெய்த தகப்பன் பெயர், விபத்துச் சாவு விசாரணை போன்றவை அங்கேதான் இருக்கும்.

ஒரு பொறி: இறப்புப் பதிவில் உள்ள பெற்றோர் பெயர், தகவல் சொன்னவருக்குத் தெரிந்த பெயர்தான். மகன் சொல்லியிருந்தால் ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரரோ மருமகனோ சொல்லியிருந்தால், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் தவறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இன்னோர் ஆவணத்தோடு ஒப்பிடாமல் கோடு போடாதீர்கள்.

அதற்கு முன்னால்: தேவாலயக் கணக்கு

ஜேம்ஸ் டெய்லர் பிறந்தது 1835. அரசுப் பதிவு இல்லாத காலம். அவருக்குப் பார்க்க வேண்டியது ஃபோர்டூன் பாரிஷின் ஞானஸ்நானப் பதிவேடு. பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் வரும் ஊர்கள். நம் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்பார்களே, அது. கவுண்டி தெரிந்தால் போதாது, பாரிஷ் தெரிய வேண்டும். 'ஸ்காட்லாந்தில் ஒரு டெய்லர்' என்று தேடினால் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பாரிஷ் பதிவேடுகள் 1553 முதல் 1854 வரை உள்ளவை. 1553 என்பது பெர்த்ஷயரின் எரோல் என்ற ஒரே ஊருக்கு. பல மலைநாட்டுப் பாரிஷ்களில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆரம்பமே. உள்ளதும் ஓட்டை உடைசல். காரணங்கள் உண்டு. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள், 1794 வரை நீடித்தது. கூலிக் குடும்பங்கள் பதிவதையே விட்டுவிட்டன. 1843இல் திருச்சபை உடைந்து 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறி சுதந்திர சபை அமைத்தார்கள். அவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் பழைய பதிவேட்டில் இராது. திருமணப் பதிவு என்று நாம் பார்ப்பதும் பெரும்பாலும் ஓலை வாசித்த (திருமண அறிவிப்பைத் தேவாலயத்தில் படித்த) பதிவுதான், மணநாளின் பதிவு இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு வேறு பாரிஷ் என்றால் இரண்டு இடத்திலும் இரண்டு தேதியில் இருக்கும்.

அடக்கப் பதிவுகள் மிகக் குறைவு. ஆனால் சவப்பெட்டி மேல் விரிக்கும் கறுப்புத் துணியைத் தேவாலயம் வாடகைக்குக் கொடுத்தது. துணிக்கு வாடகை கட்டிய கணக்கில் இறந்தவர் பெயர் மாட்டிக்கொள்கிறது! ஞானஸ்நானப் பதிவு கிடைக்காத குழந்தை, மணமாகாத தாய்க்குப் பிறந்ததாக இருந்தால், சபை மூப்பர்கள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்த குறிப்பைத் தேடுங்கள். 'தகப்பன் யார்' என்று துருவித் துருவிக் கேட்டு எழுதியிருப்பார்கள். அன்று அவளுக்கு அவமானம், இன்று நமக்கு ஆதாரம்.

ஆட்களின் பெயர்களோடு தேடக் கிடைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை. அந்த 1841 கணக்கில் ஒரு சூது உண்டு: பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழிறக்கி எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். ஆறு வயது ஜேம்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவனுடைய அப்பாவுக்கு உண்டு.

பேரன் என்றால் பெயரன்

தாத்தாவின் பெயரைத் தாங்குவதால் பெயரன், அது மருவிப் பேரன் என்பார்கள் நம் பக்கம். ஸ்காட்லாந்திலும் அதே வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்குத் தகப்பன் பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாமவளுக்கு அப்பாவின் அம்மா பெயர், மூன்றாமவளுக்குத் தாயின் பெயர். பிள்ளைகளை வரிசையாக எழுதினால் தாத்தா பாட்டி யார் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், எல்லாக் குடும்பமும் பின்பற்றியதில்லை. ஒரே தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் என்றால் ஒரே பாரிஷில் ஒரே பெயரில் ஐந்து பேரன்கள் திரிவார்கள் என்பதும் இதனால் வரும் தலைவலி.

எழுத்து மாறுவது இன்னொன்று. ஜீன், ஜேன், ஜானெட், ஜெஸ்ஸி ஒருத்தியாகவே இருக்கலாம். கேலிக் பெயரை எழுத்தர் தனக்குத் தெரிந்த ஆங்கிலப் பெயராக்கினார்: டோர்மோட் 'நார்மன்' ஆனார், ருவரி 'ரோடரிக்' ஆனார். மாக், மெக் இரண்டும் ஒன்றே. தேடும்போது அந்த முன்னொட்டு இல்லாமலும் ஒருமுறை தேடுங்கள்.

டிஎன்ஏ சோதனை சொல்வதும் சொல்லாததும்

'நீங்கள் 34 சதவீதம் ஸ்காட்டிஷ்' என்று வரும் முடிவு அளவை இல்லை, மதிப்பீடு. நிறுவனம் இன்றைய மனிதர்களின் மாதிரிகளைச் சேர்த்து வைத்து, உங்களுடையது யாரை ஒத்திருக்கிறது என்று பார்க்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் குடிபெயர்ந்தார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். மாதிரிகள் மாறினால் உங்கள் சதவீதமும் மாறும். தாத்தா மாறிவிடவில்லை.

தந்தை வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனையை வைத்துக் 'கிளான் ரத்தம்' பேசுவார்கள். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அந்தச் சோதனை அதில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. உண்மையில் பயன்படுவது உறவினர் பட்டியல்: உங்களோடு டிஎன்ஏ பொருந்தும் ஒருவர் தன் வம்ச விவரத்தில் ஒரு பாரிஷ் பெயரை எழுதிவைத்திருந்தால், சதவீதத்தை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

சென்னைக்கும் மலையகத்துக்கும் வந்தவர்கள்

எழும்பூரில் 1821இல் கட்டி முடித்த புனித ஆண்ட்ரூ தேவாலயம் சென்னையிலிருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக எழுந்தது. கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ, லூயிஸ் தீவிலிருந்து வந்த காலின் மெக்கன்சி எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள். இப்படி வந்தவர் வழியில் பிறந்தவர்களுக்குத் தேடல் இரண்டு கட்டம். சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் உள்ளன. ஆனால் இங்கே இறந்தவரின் அடக்கப் பதிவில் பெற்றோர் பெயர் பொதுவாக இராது. 1855க்குப் பிந்தைய ஸ்காட்லாந்துப் பதிவு கொடுக்கும் அந்தப் பாலம் இங்கே உடைந்துவிடுகிறது. 1892இல் லூல்கந்துரவில் இறந்த ஜேம்ஸ் டெய்லருக்கும் இதே கதி.

உடைந்த பாலத்துக்கு மாற்று இரண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர் என்றால் அவருடைய சேர்க்கைக் கோப்பில் ஞானஸ்நானச் சான்று இருக்கும்; பாரிஷ் பெயர் அதிலேயே கிடைத்துவிடும். இல்லையென்றால் கல்லறை. ஸ்காட்லாந்தில் பெற்றோர் கல்லிலேயே 'சிலோனில் இறந்த மகன்' என்று சேர்த்துப் பொறிக்கும் வழக்கம் உண்டு. தோட்டத்துத் துரைக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகள் விஷயத்தில் பதிவேடு பெரும்பாலும் வாய் திறக்காது. அங்கேதான் டிஎன்ஏ உறவினர் பட்டியல் கைகொடுக்கும்.

ஊர் கிடைத்தபின் பண்பாடு

பாரிஷ் கையில் இருந்தால் எது உங்கள் முன்னோரின் பண்பாடு என்பதும் தெளிந்துவிடும். ஜேம்ஸ் டெய்லரின் வட்டாரத்துக்கு மெர்ன்ஸ் என்று பெயர். மலைநாட்டு ஆண்கள் கட்டும் கில்ட் என்ற மடிப்புப் பாவாடையும் கேலிக் பாட்டும் அங்கே உழவர் வீட்டு வழக்கம் இல்லை. அங்கே பேச்சு டோரிக், வடகிழக்கு ஸ்காட்ஸ் வழக்கு. 'எப்படி இருக்கே' என்பதற்கு 'ஃபிட் லைக்' என்பார்கள். ஆங்கிலத்து 'வாட்' அவர்கள் வாயில் 'ஃபிட்' ஆகும். பண்ணையில் கூலிக்கு இருந்த பையன்கள் 'பாதி' (bothy) எனப்பட்ட கொட்டகையில் தங்கி, எந்த முதலாளி கஞ்சன், எந்தக் குதிரை முரண்டு என்று பாட்டுக் கட்டினார்கள். அந்தப் பாட்டுகளைக் கேட்டால் டெய்லர் வளர்ந்த ஊரின் காற்று கொஞ்சம் படும்.

அதே கவுண்டியில் கடலோரம் ஸ்டோன்ஹேவன். டிசம்பர் 31 நள்ளிரவு மணி அடித்ததும், கம்பி வலைக் கூண்டில் எரிபொருள் அடைத்துத் தீயிட்டு, நீளக் கம்பியில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றியபடி ஹை ஸ்ட்ரீட்டில் நடந்து வருவார்கள். திருக்கார்த்திகைக்கு மாவளி சுற்றியவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். கடைசியில் எரியும் கூண்டுகளைத் துறைமுகத் தண்ணீரில் வீசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.